வாசற்படியை அறுத்த நாள்

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றார் ஆசாரி. செவ்வாய்க்கிழமையும் கூடாது. புதன்கிழமை காலையில் வருவதாகவும், அதற்குள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். வேலை ஒன்றும் பெரியதல்ல. சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டின் தலைவாசல் நிலையில், கீழே குறுக்காகக் கிடக்கும் இரண்டு அங்குல உயரச் சட்டத்தை அறுத்து எடுக்க வேண்டும். நல்ல ரம்பம் இருந்தால் அரை மணி நேரம். ஆனால் ஆயுள் முழுக்க நிலை வைத்தே பழகிய கை அது. வைத்த நிலையிலிருந்து படியை எடு என்றால் கொஞ்சம் தயங்கத்தானே செய்யும்.

அந்தப் படி அங்கே வந்ததே ஒரு சண்டையில்தான். வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள் மூன்று பக்கச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தார்கள். இப்போதெல்லாம் அதுதான் வழக்கம். அப்பா வந்து பார்த்தார். "படி இல்லாமல் இது என்ன வாசல்? சுவரில் விழுந்த ஓட்டை மாதிரி இருக்கிறது" என்றார். தனியாகப் பணம் கொடுத்து, தேக்கில் நான்காவது சட்டம் செய்து பொருத்தினோம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே மாவிலை கட்டியதைப் பார்த்த பிறகுதான் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் காலமான மூன்றாம் வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை முடிந்து, நான்கு கால் வாக்கரோடு வீடு திரும்பினாள். கூடத்தில் நடந்தாள், சமையலறைக்குப் போனாள், பால்கனிக்குப் போனாள். வாசலுக்கு மட்டும் வரவில்லை. வாக்கரைத் தூக்கிப் படிக்கு அந்தப்பக்கம் வைத்து, ஒற்றைக் காலில் உடம்பைச் சுமந்து இன்னொரு காலை எடுத்து வைக்க வேண்டும். இரண்டு அங்குலம்தான். அதைத் தாண்ட முடியாமல் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

ஆசாரி சொன்ன நாளில் வந்தார். படியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எனக்குப் பாடம் நடத்தினார். கீழ்ச்சட்டம் அழகுக்காக வைப்பது இல்லை, நிலையின் இரண்டு கால்களையும் விலகவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அதை எடுத்தால் நாளாவட்டத்தில் கால்கள் அகலும், கதவு தரையில் உரசும். ஊரில் அது மழைத் தண்ணீரைத் தடுத்தது, தேளைத் தடுத்தது, பாம்பைத் தடுத்தது. இங்கே மூன்றாவது மாடிக்குத் தேள் வரப்போவதில்லை என்பதால், கால்களை மட்டும் இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு முடுக்கிவிடலாம் என்றார். பிறகு படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரம்பத்தை எடுத்தார்.

ரம்பச் சத்தத்தைக் கேட்டபடி நின்றபோது எனக்கு நினைவில் வந்தது எங்கள் ஊர் வீடு. கும்பகோணத்தை அடுத்த ஊர். பெயர் வேண்டாம், வீடு இப்போது எங்களுடையது இல்லை.

தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. வாசலுக்கு இரண்டு பக்கமும் உண்டு. சிமெண்ட் வருவதற்கு முன்பு சுண்ணாம்பில் இழைத்தது. உட்கார்ந்து உட்கார்ந்து மழமழவென்று ஆகிப்போனது. ஓட்டுத் தாழ்வாரம் அதன்மேல் தாழ இறங்கியிருக்கும். உயரமானவர்கள் குனிந்துதான் ஏற வேண்டும். மரத்தூண்களுக்கு நடுவே, வடபுறத் திண்ணையின் ஓரத்தில் ஒரு மேடு உண்டு; படுத்தால் தலைவைக்கத் தோதாகச் சுண்ணாம்பிலேயே சரித்துக் கட்டிய தலையணை. வீட்டுக்காரர்கள் யாரும் அதில் தலைவைத்துப் படுத்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர்களுக்கு உள்ளே பாய் இருந்தது. அது வழிப்போக்கருக்கு. பெயர் தெரியாத, எந்த ஊர் என்று தெரியாத, வரலாம் அல்லது வராமலே போகலாம் என்கிற ஒருவருடைய தலைக்காக, வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் சொல்லித் தலையணை கட்டியிருக்கிறார்கள். விருந்தோம்பலைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அதைச் சுண்ணாம்பில் குழைத்துக் கட்டியதை அங்கேதான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

திண்ணையின் உயரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவளான பிறகு டேப்பை வைத்து அளந்து பார்த்தேன்: தெருவிலிருந்து சுமார் இரண்டரை அடி. சம்மணமிட்டு உட்காருபவரின் கண், உட்கார்ந்த இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். ஆக மொத்தம் ஐந்தடி. தெருவில் நடந்து போகிறவரின் கண்ணும் கிட்டத்தட்ட அதே உயரம். உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, நடப்பவர் குனிய வேண்டியதில்லை. கண்ணுக்குக் கண் நேராக இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும். "எங்கே, மார்க்கெட்டுக்கா?" என்று கேட்கத் தனியாக முயற்சி தேவையில்லை. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கட்டினார்களா, வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்தியதில் தற்செயலாக அமைந்ததா என்று நான் வாதாட மாட்டேன். வேலை செய்தது, அவ்வளவுதான்.

வெளிச்சத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சித்திரை வெயிலில் வந்தவர் நேராக வீட்டுக்குள் நுழைந்தால் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் பிடிக்கும். தாழ்வார நிழலில், திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தால் கண் தயாராகியிருக்கும். அதே சமயம் உள்ளே இருட்டில் நிற்பவருக்கு வெளியில் இருப்பவர் பளிச்சென்று தெரிவார். வெளியில் இருப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். கதவில் கண்ணாடித் துளை போடாமலே, வந்தவர் யார் என்று பார்த்து முடிவெடுக்க அந்த வீட்டுக்கு நேரம் கிடைத்தது.

எங்கள் வீட்டில் திண்ணை இன்னும் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது.

தாத்தாவுக்கும் சின்னத் தாத்தாவுக்கும் பாகப்பிரிவினையில் தகராறு. ஒரு தென்னந்தோப்பும் அதன் பம்புசெட்டும். வாய்ச்சண்டை முற்றி, சின்னத் தாத்தா எல்லோர் முன்னிலும், "இனி உன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டு இறங்கிப் போனார். நம் ஊரில் சபதத்துக்கு இதுதான் வாசகம். உன் கூடத்துக்கு வரமாட்டேன், உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றெல்லாம் சொன்னாலும், உறவை முறிக்கும் கடைசிச் சொல் படியின்மேல்தான் விழும். அதிலிருந்து பதினோரு வருடம் அவர் எங்கள் படியை மிதிக்கவில்லை.

ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

முதலில் வந்தது சபதம் போட்ட ஒரு மாதத்துக்குள் என்று அப்பாயி சொல்லுவாள். தெருவில் போகிறவர் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தது போல உட்கார்ந்தாராம். திண்ணைக்குக் கதவு கிடையாது, யாரும் உட்காரலாம். அது வீடும் இல்லை. சபதம் உடையவில்லை. தாத்தா எதிர்த் திண்ணையில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நாற்றங்கால் எப்படி, பம்புசெட்டைத் தவிர எல்லாமும். அப்பாயி காபி ஆற்றி என் கையில் கொடுப்பாள். நான் படியைத் தாண்டிக் கொண்டுபோய் வைப்பேன். எனக்கு அப்போது ஏழு வயது. இரண்டு நாடுகளுக்கு நடுவே தூது போன முதல் பெண் நானாகத்தான் இருப்பேன் என்று பிற்காலத்தில் பெருமை பேசியதுண்டு.

தாத்தா இறந்த அன்று சின்னத் தாத்தா கூடத்துக்குள் வந்தாரா, இல்லை, உடலை வாசலுக்குக் கொண்டுவந்த பிறகு திண்ணையிலிருந்தே பார்த்தாரா என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை தீராத வழக்கு. வந்தார், அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்கிறாள் அத்தை. வரவே இல்லை, நான் வாசல்பக்கம்தான் நின்றேன் என்கிறாள் அம்மா. கேட்டுச் சரிபார்க்க அவரும் இல்லை.

திண்ணையைத் தாண்டினால் ரேழி. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் தலைவாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் இருட்டு நடை. அகலம் நாலைந்து அடிதான் இருக்கும். ஒரு பக்கம் குதிர், கோணிமூட்டை, மூலையில் குடை. 'இடைகழி' என்ற பழஞ்சொல்தான் நாவில் உருண்டு டேழியாகி, ரேழியாகி நின்றது. வீட்டுக்கும் வெளிக்கும் இடையே கழிந்து போகும் இடம்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தென்பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர். மழை கொட்டும் ஓர் இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கலாம் என்ற இடத்தில் இருவர் உட்காரலாம் என்று இடம் கொடுத்தார். பேயாழ்வார் வந்தார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்றார்கள். மூன்று பேரும் இருட்டில் நின்றுகொண்டிருக்கும்போது நான்காவதாக யாரோ நெருக்குவது தெரிந்தது. அந்த நெரிசலில்தான் பெருமாளைக் கண்டார்கள் என்பது வைணவ மரபு. வடமொழியில் இடைகழிக்குத் தேகளி என்று பெயர். அந்தத் தலத்துப் பெருமாளைத் தேகளீசன் என்றே அழைக்கிறார்கள். பூஜையறையில் வரவில்லை, கூடத்தில் வரவில்லை, ரேழியில் வந்தார். அதிலும் இடம் இல்லாதபோது வந்தார். எனக்குப் பக்தி கொஞ்சம் குறைவு. ஆனால் வீட்டுக்காரர்கள் அந்தக் கதையில் எங்குமே குறுக்கே வராததைக் கவனித்திருக்கிறேன். நள்ளிரவில் மூன்று அந்நியர்கள் வந்து ஒண்டியிருக்கிறார்கள், யாரும் எழுந்து வந்து நீ யார் என்று கேட்கவில்லை. அப்படி ஒரு இடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது.

எங்கள் வீட்டு ரேழிக்குப் பெருமாள் வரவில்லை. அங்கே நின்றது அப்பாயி. திண்ணை ஆண்களுடையது. நிலம், வழக்கு, கல்யாணம், தேர்தல் எல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. பெண்கள் வந்து உட்காரும் வழக்கமில்லை. கதவின் ஒரு பலகைக்குப் பின்னால், ரேழி இருட்டில் நின்று அப்பாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். பேச்சு தவறான திசையில் போனால் ஒரு செருமல். தாத்தா சட்டென்று பேச்சை மாற்றுவார். என் அத்தையின் கல்யாணத்தில் ஒரு வரன் தட்டிப்போனதும், இன்னொன்று அமைந்ததும் ரேழியிலிருந்து வந்த இரண்டு செருமல்களால்தான் என்பது ஊரறிந்த ரகசியம். இதை நான் சிரித்துக்கொண்டு எழுதினாலும், தன் சொந்த வீட்டுத் திண்ணையில் ஐம்பது வருடம் உட்காராத ஒரு மனுஷியின் கதை இது.

திண்ணையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காலம் போல் வருமா என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது முடியவில்லை. எல்லோருக்கும் பொதுவான திண்ணை என்று நான் மேலே எழுதியதில் 'எல்லோரும்' என்பது யார்? எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் கூலி வாங்க வரும்போது அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தெருவில் நின்றார்கள். நெல் அளக்கும் நாளில் கொல்லைப்புறமாக வந்தார்கள். வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தது காற்றோட்டத்துக்காக மட்டும் இல்லை. யார் எந்த வாசலில் வர வேண்டும் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கண்ணுக்குக் கண் நேர் என்று நான் போட்ட உயரக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் அவர்கள் தலை குனிந்து நின்றார்கள். தலையணை கட்டி வைத்த அதே கைகள்தான் இதையும் செய்தன. கட்டடம் இடம் கொடுக்கும். யாருக்கு என்பதைக் கட்டடம் முடிவு செய்வதில்லை.

கதவுகளுக்கு வருகிறேன். எங்கள் தலைவாசல் கதவு இரட்டைப் பலகை. கீல் கிடையாது, மரத்திலேயே மேலும் கீழும் குடுமி கடைந்து, குழியில் உட்கார்த்தியது. திறந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். அந்த இரண்டு பலகைகளுக்கு ஒரு மொழி இருந்தது. இரண்டும் விரியத் திறந்திருந்தால் யாரும் வரலாம். ஒன்று மட்டும் திறந்திருந்தால் ஆண்கள் வீட்டில் இல்லை, குரல் கொடுத்துவிட்டு வா என்று பொருள். ஒருக்களித்துச் சாத்தியிருந்தால் யாரோ தூங்குகிறார்கள், அவசரம் என்றால் மட்டும் தள்ளு. நாதாங்கி போட்டிருந்தால் ஊருக்குப் போயிருக்கிறார்கள் அல்லது ஊரே தூங்குகிறது. இப்போது என் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு. இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும். அதற்கு இரண்டு சொல்தான் தெரியும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பாயி கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வாசல் கதவை அகலத் திறந்து வைப்பாள். லட்சுமி முன்பக்கம் வருவாள், அவளுடைய அக்கா பின்பக்கம் நுழையக் கூடாது. இருபுறமும் மாடத்தில் அகல் எரியும். அந்த நேரத்தில் படியில் உட்கார்ந்தால் அடிதான் விழும். உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல் இரணியனை வைத்துக் கிழித்த இடம் அது என்பாள். படியில் நின்றுகொண்டு எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஒன்று நீ உள்ளே வா, இல்லையா நான் வெளியே வருகிறேன்.

அந்தி வேளைக்கும் வாசலுக்கும் உள்ள உறவு பழையது. குறுந்தொகையில் நன்னாகையார் பாட்டு ஒன்று இருக்கிறது. மாலை வந்துவிட்டது, பறவையும் விலங்கும் அடங்கிவிட்டன, பலர் புகுந்து போகும் வாயிலை அடைக்கப் போகிறவர்கள், அடைப்பதற்கு முன்னால், உள்ளே வர வேண்டியவர் யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டும் அவன் வரவில்லை என்பது தலைவியின் துயரம். அவள் துயரம் ஒருபுறம் இருக்கட்டும். கதவைச் சாத்துவதற்கு முன்னால் வெளியே எட்டிப் பார்த்து யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது அன்றாட வேலையாக இருந்திருக்கிறது பாருங்கள், அதில்தான் என் மனம் நிற்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு நிலை வைத்ததையும் விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். வெற்றிக் கொடியோடு யானை நுழையும் உயரமான நிலை, அதற்கு நெய் பூசி, வெண்சிறுகடுகு அப்பியிருக்கிறார்கள். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் அரைத்துப் பூசுவதற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

யானை உயரக் கதவுகளைக் காரைக்குடியில் பார்த்தேன். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால், வாசலுக்குள் வாசலாகப் பின்கட்டு வரை ஒரே நேர்கோடு. கடைசியில் ஒரு சதுர வெளிச்சம் தெரியும். பர்மாத் தேக்கு. நிலைக்கு மேலே கஜலட்சுமி, கிளி, யாளி, திராட்சைக் கொடி என்று இழைத்திருப்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் முன்னால் நிற்கும்போது வரவேற்கப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. என் செருப்பைப் பற்றிய கூச்சம்தான் வந்தது. அதே ஊரில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. பிரித்து விற்ற வீடுகளின் நிலைகளும் கதவுகளும் தூண்களும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். எங்கேயோ ஒரு ஓட்டலுக்குப் போய் மேஜையாகவோ, கண்ணாடிச் சட்டமாகவோ மாறும். ஒரு நிலையின் படியில் நடு மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. அதை விலை கேட்டேன். கடைக்காரர் சொன்ன விலைக்கு, நடந்து தேய்த்தவர்களின் கால்களையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

பள்ளியில் இலக்கணப் போலிக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் படித்திருப்போம். இல்வாய் என்பது வாயில் ஆயிற்று, இல்முன் என்பது முன்றில் ஆயிற்று. வீட்டின் வாய் ஒன்று, அதன் முன் உள்ள இடம் ஒன்று. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டியிருந்தது. இன்று வாயில் இருக்கிறது, முன்றில் போய்விட்டது. மனைப்பிரிவுகளில் தனி வீடு வந்தபோது திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும் வந்தன. கொஞ்சம் மிச்சமிருந்த இடத்தில் கார் வந்து நின்றது. அடுக்குமாடியில் அதுவும் இல்லை. லிப்டிலிருந்து இறங்கினால் ஐந்தடி நடைபாதை, நேரே கதவு. அந்த நடைபாதைக்கும் சேர்த்துத்தான், சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்ற பெயரில் சதுர அடிக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஒரு ஸ்டூல் போட்டால் மறுநாளே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வருகிறது. கடிதத்தில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. என் ஸ்டூலில் யாராவது தடுக்கி விழுந்தால் நான் பதில் சொல்ல முடியாது. எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு கதவு என்ன செய்ய முடியும்? திண்ணை, தாழ்வாரம், ரேழி, கூடம் என்று நான்கு இடங்கள் படிப்படியாகச் செய்த வேலையை ஒரே பலகை செய்ய வேண்டியிருக்கிறது. மணி அடிக்கிறது. வந்தவரை ஒன்று முழுக்க உள்ளே விட வேண்டும், சோபா வரை. இல்லை, வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்ப வேண்டும். தண்ணீர் கேன் கொண்டு வரும் பையன் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கிறான், லிப்ட் அவனுக்கு இல்லை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். உள்ளே வந்து உட்கார் என்றால் கூச்சப்படுகிறான். வெளியே உட்கார இடமில்லை. சின்னத் தாத்தா மாதிரி ஒருவர் இந்த வீட்டு ஆட்களோடு சண்டை போட்டால், பதினோரு வருடம் எங்கே உட்காருவார்? வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறுவார், அத்தோடு சரி.

ஆனால் ஊர் வீட்டை இங்கே தூக்கிக்கொண்டு வந்தாலும் அம்மாவுக்குப் பயன் இல்லை என்பதை அந்தப் புதன்கிழமைதான் உட்கார்ந்து யோசித்தேன். சக்கர நாற்காலியோ வாக்கரோ ஏறுவதற்குச் சாய்தளம் போட்டால், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கட்டடக் கணக்கு. இரண்டரை அடித் திண்ணைக்கு முப்பது அடி. எங்கள் தெருவின் அகலமே அவ்வளவு இருக்காது. சாய்தளம் எதிர்வீட்டுத் திண்ணையில் போய்த்தான் முடியும். கதவின் திறப்பு 90 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் கொல்லை வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவோம். அப்பாயி கடைசி ஐந்து வருடம் தெருவில் இறங்கவில்லை. முழங்கால் வலி என்று சொன்னோம். மூன்று படி என்று யாரும் சொல்லவில்லை.

ரம்பம் நின்றது. ஆசாரி உளியால் இரண்டு ஓரத்தையும் செதுக்கி, சட்டத்தைத் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தார். மூன்றரை அடிக் கட்டை, நினைத்ததைவிடக் கனம். மேல்பக்கம் முழுக்க மஞ்சள் ஏறி, மரத்தின் நிறமே மாறியிருந்தது. கால்களுக்கு இரும்புப் பட்டை முடுக்கி, பள்ளத்தைக் கருங்கல் பட்டையால் தரைமட்டத்துக்கு நிரவினார். கூலி வாங்கும்போது, வீசிவிட வேண்டாம், பூஜை மணை செய்து தருகிறேன் என்றார். செய்தும் கொடுத்தார். அம்மா அதில் சாமி படத்தை வைக்கவில்லை. மிதித்த மரம் என்று சொல்லி மருந்து டப்பா வைத்திருக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாக்கரைப் பிடித்தபடி கருங்கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிலையின் இரண்டு கால்களிலும், இடுப்பு உயரத்தில், குனியாமல் எட்டும் இடத்தில், பட்டையாகப் பூசிக் குங்குமம் வைத்தாள். யார் சொல்லிக் கொடுத்த முறையும் இல்லை.

மாலையில் காற்று வாங்க வாசலுக்கு வந்தவள், நாற்காலி கொண்டு வரச் சொன்னாள். நடைபாதையில் போடக் கூடாது என்று கடிதத்தை நினைவூட்டினேன். "நடைபாதையில் போடச் சொல்லவில்லையே" என்றாள். படி இருந்த இடத்தில், சரியாக அதே இடத்தில், நாற்காலியின் பின்கால்கள் எங்கள் வீட்டிலும் முன்கால்கள் பொதுவழியிலுமாகப் போட வைத்து உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரம் வேறு. நான் அப்பாயியின் குரலில், அந்தியில் படியில் உட்காரலாமா என்று கேட்டேன்.

"படிதான் இல்லையே" என்றாள்.

இப்போது தினமும் ஐந்து மணிக்கு அங்கே இருக்கிறாள். எதிர்வீட்டுக் குழந்தை வந்து வீட்டுப்பாடத்தை அவள் மடியில் வைத்து எழுதுகிறது. தண்ணீர் கேன் பையன் சுவரில் சாய்ந்து நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போகிறான். போன வாரம் சங்கத்தின் செயலாளர் வந்தார். நாற்காலியின் முன்கால்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா அவருடைய மகளுக்கு வரன் ஏதும் அமைந்ததா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் உள்ளேயும் வரவில்லை, கிளம்பவும் இல்லை. நான் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அம்மா செருமுவது கேட்டது.